எதையும் விட வேண்டாம், முதலில் ஒரு பாட்டை முடியுங்கள்

கேள்வி: ஜாஸும் சோலும் கலந்த பாட்டுகள் எழுதுகிறேன். நானே கணினியில் இசையமைத்துப் பதிவு செய்கிறேன். வார இறுதிகளில் டிஜேயாகவும் போகிறேன். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம், ஏதாவது ஒன்றைப் பிடி" என்கிறார்கள் நண்பர்கள். எதை விடலாம்? ஒரு பாட்டுக்கு நண்பர் ஒருவர் பல்லவி எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பங்கு தர வேண்டுமா? புதிதாக ஒரு டிஜே கன்ட்ரோலர் வாங்கவும் யோசனை. எது நல்லது?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். வாங்க வேண்டாம். உங்களுடைய முழுக் கடிதத்தில் கைவசம் உள்ள கருவிகள் எல்லாம் மாடல் எண்ணோடு வருகின்றன. முடித்து வெளியிட்ட பாட்டு ஒன்றின் பெயர்கூட வரவில்லை. குறை கருவியில் இல்லை.

சரி, எதை விடுவது? எதையும் விட வேண்டாம். நண்பர்கள் இதை மூன்று தொழிலாகப் பார்க்கிறார்கள். நீங்கள் விரும்பும் இசையின் வரலாறு அப்படி நடக்கவில்லை. 1973ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் என்ற டிஜே ஒரு விருந்தில் இசைத்தட்டு போட்டார். பாட்டில் டிரம்ஸ் மட்டும் தனித்து ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்று கவனித்தவர் அவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்தத் துண்டையே நீட்டிக்கொண்டு போனார். இது டிஜே வேலையா, இசையமைப்பா? பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இன்னொன்று: லூயி வேகா, கென்னி டோப் இருவரும் டிஜேக்கள். 1997ல் 'நியூயோரிக்கன் சோல்' என்ற பெயரில் ஒரு ஆல்பம் செய்தபோது ராய் ஏயர்ஸ், ஜார்ஜ் பென்சன், டிட்டோ புயென்டே போன்ற மூத்த கலைஞர்களை ஸ்டுடியோவுக்கு அழைத்து வாசிக்க வைத்தார்கள். அவர்களிடமிருந்து எதைக் கேட்டு வாங்குவது என்று இவர்களுக்குத் தெரிந்திருந்தது. வருஷக்கணக்காகத் தட்டுகளைக் கேட்டும் போட்டும் பழகிய காது அது. டிட்ராய்ட்டின் ஹிப்-ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லாவுக்கு எம்பிசி என்ற சாம்ப்ளரை, அதாவது ஒலித்துண்டுகளைப் பதிந்துவைத்துத் தட்டித் தட்டி வாசிக்கும் கருவியை, கையாளக் கற்றுக் கொடுத்தவர் ஆம்ப் ஃபிட்லர், ஃபங்க் இசைக் குழுவில் வாசித்த கீபோர்டுக்காரர். டில்லா அதில் தாளத்தை இயந்திரக் கணக்குக்கு வளைத்துக் கொடுக்காமல், கை தட்டிய இடத்திலேயே விட்டார். இன்று அவருடைய எம்பிசி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மாடலை வாங்கினால் அந்தத் தாளம் வந்துவிடும் என்று நினைத்தவர்கள் நிறையப் பேர்.

தொழில் எப்படி வளைந்து வளைந்து போகும் என்று தெரிய வேண்டுமானால் குயின்சி ஜோன்ஸைப் பாருங்கள். லயனல் ஹாம்ப்டன் குழுவில் டிரம்பெட் வாசித்தவர். 1957ல் பாரீஸ் போய் நாடியா பூலாஞ்சே என்ற இசை ஆசிரியையிடம் படித்தார். பிறகு சொந்த ஜாஸ் குழுவோடு ஐரோப்பாவைச் சுற்றினார். பாராட்டு கிடைத்தது, கையில் மிஞ்சியது கடன். நியூயார்க் திரும்பி மெர்க்குரி ரெக்கார்ட்ஸில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1963ல் லெஸ்லி கோர் என்ற பதின்வயதுப் பெண்ணின் பாப் பாட்டைத் தயாரித்து அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். தீவிர ஜாஸ் ரசிகர்கள் மூக்கைச் சுளிக்கக்கூடிய வேலைதான். ஆனால் 1982ல் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தில் எது எங்கே நுழைய வேண்டும், எது எங்கே ஒதுங்க வேண்டும் என்று முடிவெடுத்தது, ஜாஸ் குழுவுக்கு எழுதி எழுதிப் பழகிய அதே காது. இடையில் வந்த பாப் வேலை அதைக் கெடுத்துவிடவில்லை.

இப்போது பணம். நண்பரின் பங்கைக் கேட்டீர்கள், உங்கள் வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டிஜேயாகப் போனால் அன்றிரவே கூலி, அதோடு கணக்கு முடிந்தது. பாட்டு அப்படி இல்லை. அதில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன: மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. இரண்டுக்கும் உரிமையாளர் வேறுவேறாக இருக்கலாம், வருமானமும் தனித்தனியாக வரும். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலிகள் பாட்டை எழுதியவருக்குப் பணம் தருகின்றன. பாடியவருக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் தருவதில்லை. எழுதுகிறவர் இந்தப் பணத்தை வசூலித்துத் தரும் ஏதாவது ஒரு உரிமைச் சங்கத்தில் பாட்டைப் பதிந்திருந்தால்தான் அந்தப் பணம் வந்து சேரும். ஸ்ட்ரீமிங்கை நம்பி இருக்கிறீர்களா? ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. ஆகவே ஆரம்ப வருஷங்களில் டிஜே கூலி உங்களுக்குச் சோறு போடும். பிற்காலத்தில் வருமானம் தரப்போவது உங்கள் பெயரில் எழுதி முடித்த பாட்டு. கூலி வருகிறதே என்று பாட்டைத் தள்ளிப் போடுகிறீர்கள் என்பது என் சந்தேகம்.

பழைய ஜாஸ் தட்டிலிருந்து துண்டு எடுத்து உங்கள் பாட்டில் சேர்ப்பவராக (இதைத்தான் சாம்ப்பிள் செய்வது என்கிறார்கள்) இருந்தால் ஒரு எச்சரிக்கை. 1991ல், அனுமதியில்லாமல் சாம்ப்பிள் செய்த ராப் பாடகர் பிஸ் மார்க்கி மீதான வழக்கில் நியூயார்க் நீதிபதி தீர்ப்பைத் தொடங்கியதே "களவு செய்யாதிருப்பாயாக" என்ற வேதாகமக் கட்டளையோடுதான். அதற்குப் பிறகு அனுமதி வாங்காமல் யாரும் நிம்மதியாக சாம்ப்பிள் செய்ய முடியவில்லை. லண்டனின் அஸ்3 குழு, ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவு ஒன்றை அனுமதியில்லாமல் பயன்படுத்தி மாட்டிக்கொண்டது. நிறுவனமோ வழக்குப் போடாமல் தன் பழைய பதிவுகளையே எடுத்துக்கொள்ளச் சொன்னது. அப்படிப் பிறந்த, ஹெர்பி ஹான்காக்கின் 1964 மெட்டைக் கொண்ட பாட்டு, அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. இந்த அதிர்ஷ்டத்தை நம்பி இறங்காதீர்கள். ஜாஸ் உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமென்றால் கோர்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) கற்றுக்கொண்டு நீங்களே வாசியுங்கள், செலவும் குறைவு.

அப்புறம் செய்ய வேண்டியது: பாதியில் நிற்கும் உங்கள் பாட்டுகளில் ஒன்றை எடுத்து முடியுங்கள். வார இறுதியில் வேறு இரண்டு பாட்டுகளுக்கு நடுவே, பெயர் சொல்லாமல் அதைப் போடுங்கள். ஆடுகிறவர்கள் எந்த இடத்தில் ஒதுங்கித் தண்ணீர் குடிக்கப் போகிறார்களோ, அந்த இடத்தைத் திருத்துங்கள். பாட்டு எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வசதி இல்லை. உங்களுக்கு இருக்கிறது, அதைப் போய் விடவா என்று கேட்கிறீர்கள்!

பல்லவி எழுதிய நண்பருக்குப் பங்கு உண்டு, சந்தேகமே வேண்டாம். பதிவுக்கு அவர் வரவில்லை என்பதெல்லாம் காரணம் ஆகாது. அவர் எழுதியது படைப்பின் பகுதி. எத்தனை சதவீதம் என்று இருவரும் பேசி, பாட்டு வெளிவரும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அவருக்குக் கேட்கக் கூச்சமாக இருக்கும். நீங்களே முந்திக்கொள்ளுங்கள்.