அன்றைக்கு நல்ல மார்க், அடுத்த வாரம் மறந்து போகிறதே?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் பயிற்சியாளராக இருக்கிறேன். சீசனுக்கு வரும் புது ஆட்களுக்கு இரண்டு நாள் வகுப்பு, கடைசியில் ஒரு தேர்வு. தேர்வில் நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஒரே வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. கற்றல் ஆராய்ச்சிகளைப் பார்த்து வகுப்பை மாற்றலாமா? மாணவர்களை வைத்துக் கண்டுபிடித்தது ஆலைக்கு ஒத்துவருமா?

பதில்: முதலில் அந்தக் கடைசித் தேர்வை நம்புவதை நிறுத்துங்கள். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனை ஒன்று. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது 83 சதவீதம் சொன்னார்கள். ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழ்: முதல் கூட்டம் 40, இரண்டாவது 61. உங்கள் தேர்வு அந்த ஐந்தாவது நிமிடத்தைத்தான் அளக்கிறது.

அதனால் ஸ்லைடைக் குறையுங்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி, பிரிக்ஸ் மீட்டரை (கூழில் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் கருவி) ஒருவர் கையில் கொடுத்து, "முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். கண்ணாடியைத் துடைத்து, தண்ணீர் சொட்டு விட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பதை அவரே செய்து காட்டட்டும். பழைய கூழ் ஒட்டியிருந்தால் அளவு தப்பும் என்பதும் அவர் வாயிலிருந்தே வரட்டும். தடுமாறினால் கொஞ்சம் பொறுங்கள், தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துங்கள். மார்க் மட்டும் வேண்டாம். வாய்வழியாகக் கேட்பதில் இன்னொரு வசதி, உங்கள் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் எழுதத் திணற வேண்டியதில்லை.

ஒத்துவருமா என்ற சந்தேகம் நியாயமானது. சோதனைக்கூடத்தில் கண்டது நிஜ வகுப்பறையில் நடக்குமா என்று ரோடிகர் குழுவுக்கே சந்தேகம் இருந்தது. அதற்காகவே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குப் போனார்கள். அதே ஆசிரியர், அதே பாடம். சில பகுதிகளில் மட்டும் குட்டிக் கேள்விகள், மற்றவற்றில் இல்லை. கேள்வி கேட்ட பகுதிகளில் மாணவர்கள் தேர்வை நன்றாகச் செய்தார்கள்.

இந்த உத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தரும் பன்னிரண்டு விஷயங்களில் ஆறை மட்டும் தினமும் கேளுங்கள், பத்து நாள் கழித்துப் பன்னிரண்டையும் கேட்டுப் பாருங்கள். நீராவி வால்வு, கை கழுவுதல் போன்றவற்றில் மட்டும் இந்தச் சோதனை கூடாது, அவற்றை எல்லோரிடமும் தினமும் கேட்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை கேட்டால் போதும் என்பதை எந்தக் கட்டுரையும் உங்கள் ஆலைக்கென்று சொல்லாது. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சீசன் முடிந்ததும் பக்கத்துக் கல்வியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் அதைக் காட்டுங்கள். அவருக்கும் அப்படி ஒரு நோட்டு சுலபத்தில் கிடைக்காது.