பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டால்?

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு. வாரத்தில் இரண்டே பி.டி. பீரியட், அதிலும் ஒன்று கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. மழை வந்தால் மைதானமும் இல்லை. பள்ளியில் என்ன கேட்கலாம்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கூடுதல் பீரியட் கேட்காதீர்கள் அம்மா, நேர அட்டவணையைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். தினமும் கால் மணி நேரம் கேளுங்கள். ஸ்காட்லாந்தில் ஒரு தொடக்கப்பள்ளி 2012-ல் இப்படித்தான் ஆரம்பித்தது: வகுப்பு ஆசிரியரே பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் 15 நிமிடம் ஓடவோ நடக்கவோ விடுவார், சீருடை மாற்ற வேண்டாம், போட்டியும் கிடையாது, அதனால் ஓட்டத்தில் எப்போதும் கடைசியாக வருகிற பிள்ளைக்கும் கூச்சம் இருக்காது. 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஆனால் அதை ஒரே மூச்சில் முடிக்கத் தேவையில்லை.

மழை நாளில் வராந்தாவில் ஸ்கிப்பிங், வகுப்பிலேயே நின்ற இடத்தில் குதிப்பது போதும். பாசி பிடித்த சிமெண்ட் தரையில் மட்டும் ஓடவிட வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் காலைக் குளிர் காற்று ஒத்துக்கொள்ளாது, அவர்கள் மெதுவாக நடந்து ஆரம்பிக்கட்டும், இன்ஹேலர் கையில் இருக்கட்டும்.

அப்புறம், வேனைக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்தச் சொல்லி மேட்டில் நடக்கவிடலாம், நல்ல பயிற்சிதான். காட்டெருமை வருகிற பாதை என்றால் அந்த யோசனையே வேண்டாம்.