மணிக்கூண்டில் இல்லாத பெயர்கள்

ஐயா,

வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டில் இருக்கும் கல்லை இத்தனை வருஷமும் காய்கறிப் பையோடு தாண்டிப் போயிருக்கிறேன். போன மாதம்தான் நின்று படித்தேன். 1914-18 யுத்தத்துக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று இருக்கிறது. எங்கள் ஊர் கணியம்பாடி பக்கம். எங்கள் தெருவிலிருந்தும் ஜெர்மன் சண்டைக்கு ஐந்து பேர் போனதாகவும், இரண்டு பேர்தான் திரும்பியதாகவும் ஆயா சொல்லும். தெருமுனையில் ஒரு கல் வைக்கலாம் என்றோம். 'வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குச் சண்டை போட்டவனுக்கு எதுக்குக் கல்லு?' என்று ஒரு கட்சி. 'பேரே தெரியாம என்னத்த எழுதறது?' என்று இன்னொரு கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர., கணியம்பாடி

அன்புள்ள ர,

முதல் கட்சி சொல்வது சரிதான், கூலிக்குத்தான் போனார்கள். சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய். பாலாறு முக்கால் வருஷம் மணலாகக் கிடக்கிற சீமையில், மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்த வீட்டுக்கு அது பெரிய பணம். 1806 ஜூலையில் நம் கோட்டைக்குள் வெள்ளைக்காரனைச் சுட்ட சிப்பாயும் கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவன்தான். அவனுக்கு மக்கான் பக்கத்தில் தூண் நிற்கிறது, யாரும் கணக்குக் கேட்கவில்லை. சண்டை யாருடையது என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். செத்தவர்கள் உங்கள் ஆயா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர்கள்.

இரண்டாவது கட்சி கேட்பதுதான் என்னை உறுத்துகிறது. மணிக்கூண்டுக் கல்லில் 14 என்ற எண் இருக்கிறது, ஒரு பெயர் கூட இல்லை. நம்முடைய பழைய வட ஆற்காடு நடுகல் பூமி. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டவன் கருந்தேவக்கத்தி. அவன் கூட நின்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்ததையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, 1918-இல் செத்த வேலூர்க்காரனுக்குக் கிடைக்கவில்லை.

இது வேலூரோடு நிற்கவில்லை. மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், செத்துக் கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக பஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் 1929-இல் திறக்கப்பட்டது. அதில் வெள்ளைக்காரர்களில் கடைநிலைச் சிப்பாய்க்கும் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர். மற்றவர்கள் ரெஜிமென்ட் வாரியாக 'மற்றும் இத்தனை இந்திய வீரர்கள்'. சாவில் பதவி பார்ப்பதில்லை, இனம் பார்ப்பதில்லை என்று கொள்கை வகுத்துக்கொண்ட போர்க்கல்லறை ஆணையம் (இன்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம், CWGC) செய்த வேலை இது. இந்தியரும் ஆப்பிரிக்கருமாக 45,000 முதல் 54,000 பேர் வரை இப்படிச் சமமில்லாமல் நடத்தப்பட்டார்கள் என்று 2021-இல் அந்த ஆணையத்தின் அறிக்கையே ஒப்புக்கொண்டது. மன்னிப்பும் கேட்டார்கள், நூறு வருஷம் கழித்து.

ஆனால் பெயரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அணைக்கட்டு பக்கம் ஒரு வீட்டுக்கு, பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், ஒரு துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். சாமி மாடத்தில் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வெண்கலத் தட்டு, மஞ்சளும் குங்குமமும் அப்பி. 'சிங்கத்தம்மா' என்றார் அந்த வீட்டுப் பாட்டி. கையில் சூலம், முன்னால் சிங்கம், அப்புறம் வேறு யாராக இருக்க முடியும்? ஆடி வெள்ளிக்குக் கற்பூரம் காட்டுவார்களாம். துடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, முதலில் கால் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். ஈரத்துணியால் துடைத்தபோது அம்மனின் கைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் தெரிந்தது. அதற்குள் இங்கிலீஷில் ஒரு பெயர், பாட்டியின் மாமனாருடைய அண்ணன் பெயர். போரில் செத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் பிரிட்டிஷ் அரசாங்கம் அனுப்பிய தட்டு அது. அம்மன் பிரிட்டானியா. சுற்றிலும் 'சுதந்திரத்துக்காகவும் கௌரவத்துக்காகவும் உயிர் நீத்தான்' என்று இங்கிலீஷில். யாருடைய சுதந்திரம் என்று கேட்க வாய் வந்தது, துக்க வீடு என்பதால் அடக்கிக்கொண்டேன். பாட்டி அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு மறுபடியும் குங்குமம் வைத்தார், இந்தத் தடவை கட்டத்தை விட்டுவிட்டு.

ஆகவே முதலில் உங்கள் தெருவில் பரண், சாமி மாடம், பாத்திரப் பெட்டி எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு அந்தப் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்துக்குப் போங்கள். பெயரை மட்டும் போட்டால் முனுசாமிகளும் சின்னசாமிகளும் வந்து குவிவார்கள். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் 'நார்த் ஆற்காட்' என்று இங்கிலீஷில் போட்டுத் தேடுங்கள். பல பதிவுகளில் அப்பா பெயர், ஊர், தாலுக்கா எல்லாம் இருக்கும். ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், நாலைந்து விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். துப்பாக்கி பிடித்தவர்களோடு நிறுத்தாதீர்கள். கோவேறு கழுதை ஓட்டியவர், சுமை தூக்கியவர், சமையல்காரர் என்று போனவர்களும் ஏராளம்.

இன்னொன்று. ஊர்த்தெருவோடு நிறுத்திவிடாதீர்கள், காலனிக்கும் போய்க் கேளுங்கள். பாலமும் பாதையும் போடும் மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனீர் படைகளில் பறையர் சமூகத்தவர் நிறையப் பேர் இருந்தார்கள். ஐந்து பேர் என்பது ஆயாவின் தெருக் கணக்கு. ஊர்க் கணக்கு வேறாக இருக்கும். கல்லைத் தெருமுனையில் வைப்பதா, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில் வைப்பதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

எல்லாப் பெயரும் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். கிடைத்ததை வெட்டச் சொல்லுங்கள். கிடைக்காததற்கு 'மற்றும் இருவர்' என்று மட்டும் போட்டு மூடிவிடாதீர்கள், கீழே இடம் விடச் சொல்லுங்கள். கல் வெட்டுகிறவர் எழுத்துக் கணக்கில்தான் கூலி கேட்பார், வெற்றிடத்துக்குக் காசு இல்லை.