இஸ்ரோ மட்டும்தான் வாசலா?

வணக்கம் ஐயா. பிளஸ் டூ முடிக்கப்போகும் உங்கள் மகள், பருவநிலை மாற்றத்தைச் செயற்கைக்கோள் வழியாக ஆராய ஆசைப்படுகிறார். இஸ்ரோவில் இடம் கிடைக்காவிட்டால் எதிர்காலம் என்னாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். செயற்கைக்கோளைச் செய்கிறவர்கள் வேறு, அது அனுப்பும் தரவைப் படிக்கிறவர்கள் வேறு. உங்கள் மகள் விரும்புவது இரண்டாவது வேலை. அதற்கு வாசல்கள் பல.

அந்த வேலை எப்படியிருக்கும்? 2002-ல் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து 'கிரேஸ்' என்ற இரட்டைச் செயற்கைக்கோள்களை ஏவின. அவை படமே எடுக்கவில்லை. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றின. கீழே நிறை கூடுதலான பகுதி வந்தால் முன்னால் போவது முதலில் இழுக்கப்படும், இடைவெளி துளி மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் கிரீன்லாந்தின் பனி குறைவதைக் கணக்கிட்டார்கள். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பகுதியில் நிலத்தடி நீர் வற்றுவதை 2009-ல் வெளியான ஆய்வு காட்டியதும் இப்படித்தான். ஆனால் கிரேஸ் தரும் எண்ணில் மண் ஈரம், ஆற்று நீர், அணை நீர் எல்லாம் கலந்திருக்கும். அதிலிருந்து நிலத்தடி நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். இயற்பியல், புள்ளியியல், பைத்தான் என்ற கணினி மொழி மூன்றும் வேண்டியிருப்பது அங்கேதான்.

கடலுக்கு 'ஆர்கோ' மிதவைகள் இருக்கின்றன. உலகமெங்கும் நாலாயிரம் வாக்கில். பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி வெப்பம், உப்புத்தன்மையை அளந்து அனுப்புகின்றன. இந்தியாவின் பங்கைக் கவனிப்பது ஹைதராபாத்தில் உள்ள 'இன்காய்ஸ்' என்ற கடல் தகவல் மையம்.

சரி, படிப்பு. கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (வரைபடம், செயற்கைக்கோள் தரவு பற்றிய படிப்பு) கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இயற்பியல், சிவில், கம்ப்யூட்டர் எதுவும் பழுதில்லை. முதுநிலையில் டேராடூனில் உள்ள தொலையுணர்வு நிறுவனமான ஐஐஆர்எஸ், திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டி என்று தேடலாம். முதுநிலைப் பொறியியலுக்கான 'கேட்' நுழைவுத் தேர்வில் 2022 முதல் ஜியோமேட்டிக்ஸுக்கு (நில அளவை, வரைபடத் துறை) தனித் தாளே இருக்கிறது. 'கிளைமேட்' என்று பெயர் சூட்டிய புதுப் பட்டப்படிப்பு எதையாவது யாராவது பரிந்துரைத்தால், அதில் எத்தனை செமஸ்டர் கணிதம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சம்பள விஷயத்தில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆய்வு நிறுவனங்களில் தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை, நிரந்தரப் பணியிடம் குறைவு. பயிர்க் காப்பீடு, வரைபடத் துறை போன்ற தனியார் பக்கமும் மனம் திறந்திருக்க வேண்டும். அரசு வேலைதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் இருந்தால், இந்தத் துறை உங்கள் பொறுமையை ரொம்பவே சோதிக்கும்.

அப்புறம், பரீட்சை முடிந்ததும் ஒரு வேலை கொடுங்கள். 1972-லிருந்து சேர்ந்த, 'லேண்ட்சாட்' என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் 2008 முதல் இலவசம், வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். உங்கள் ஊர் ஏரியின் நீர்ப்பரப்பு இருபது வருடத்தில் எப்படி மாறியது என்று வரையட்டும். மேகம் மறைத்த படங்களில் எரிச்சல் வரும். (மேகத்தை ஊடுருவும் ரேடார் கொண்ட இந்திய-அமெரிக்கச் செயற்கைக்கோள் நிசார், 2025 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது இதனால்தான் முக்கியம்.) கோடைப் படத்தை ஐப்பசிப் படத்தோடு ஒப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தோன்றினால், தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். எப்படியானாலும் வரைபடத்தை அனுப்பச் சொல்லுங்கள். கலந்தாய்வுக்கு முன் அதைப் பார்த்துவிட்டு, கல்லூரி வரிசையைப் பேசுவோம்.