100 வாட் கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் பக்கத்து வீடும்

கேள்வி: பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். 100 வாட் டியூப் (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் (அம்ப்) ஸ்பீக்கருக்குப் பதில் லோட் பாக்ஸ் (சத்தம் போடாமல் அம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் பெட்டி) போட்டு முழு வால்யூமில் வாசிக்கலாமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: தாராளமாக. 8 ஓம் அவுட்புட் என்றால் 8 ஓம் லோட். ஆனால் வாட்டில் கஞ்சத்தனம் வேண்டாம், 100 வாட் அம்ப் முழுதாகத் திருகினால் 150 வாட்டையும் தாண்டலாம், 200 வாட் தாங்கும் பெட்டிதான் நிம்மதி. இணைப்புக்கு ஸ்பீக்கர் வயர்தான். கிட்டார் வயர் வெளியே அதே மாதிரி இருந்தாலும் உள்ளே மெல்லிசு, அது சூடாகி அறுந்தால் அம்ப் லோட் இல்லாமல் ஓடி அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும் (அதைத் திரும்பச் சுற்றித் தர ஆள் தேடுவது தனிக் கதை). சத்தமாகாத சக்தி முழுக்கப் பெட்டிக்குள் வெப்பமாகும். திருகோணமலை வெக்கையில் ஃபேன் போடுங்கள், துணி மூடாதீர்கள். அப்புறம், வயரைக் கழற்றுமுன் அம்பை நிறுத்துங்கள். முழு வால்யூமில் டியூப் சீக்கிரம் தேயும், அதை லோட் பாக்ஸ் தடுக்காது.