கையடக்க லினக்ஸ் கணினியில் மாக்ஸிமா ஓடுமா?

யூகன்சோல் மாதிரி 5 அங்குலத் திரை உள்ள கருவியில் வகையிடல், தொகையிடல் எல்லாம் குறியீட்டு வடிவிலேயே (எண்ணாக மாற்றாமல் எழுத்துகளை வைத்தே) செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும், அதற்கு மாக்ஸிமா என்ற கணித மென்பொருள் போதும். மாக்ஸிமாவின் வேர் 1968இல் எம்ஐடியில் தொடங்கிய மாக்சைமா (Macsyma) என்ற பழைய மென்பொருள், அன்றைய கணினிகளின் நினைவகத்தோடு ஒப்பிட்டால் உங்கள் கையில் இருப்பது பெரிய இயந்திரம். டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே மாக்ஸிமா இருக்கிறது, ஆப்ட் (apt) என்ற நிறுவல் கட்டளை கொண்டு நிறுவினால் போதும். சேஜ்மேத் என்ற பெரிய கணித மென்பொருள் வேண்டாம், அது பல ஜிபி இடத்தை விழுங்கும்.

உண்மையான தொல்லை வேகம் இல்லை, திரைதான். மாக்ஸிமா பின்னங்களையும் அடுக்குகளையும் பல வரிகளில் மேலும் கீழுமாக அச்சிடும், சின்னத் திரையில் அது உடைந்து மடங்கி ஒன்றும் புரியாமல் போகும். அதனால் டிஸ்ப்ளே2டி என்ற மாறியை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள் (display2d:false), விடை ஒரே வரிசையாக வரும். அப்புறம் கட்டளையை அரைப்புள்ளிக்குப் பதிலாக டாலர் குறியில் முடித்தால் கணக்கு நடக்கும், விடை மட்டும் திரையில் கொட்டாது. (அ+ஆ+இ)-யின் 20ஆம் அடுக்கை விரித்தால் 231 உறுப்புகள் வரும், அதை அந்தத் திரையில் பார்த்து என்ன செய்வது? வேண்டிய கெழுவை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

x^n போன்றதைத் தொகையிடும்போது அடுக்கு n என்பது -1ஆ என்று மாக்ஸிமா நடுவில் கேட்கும். அஸ்யூம் (assume) கட்டளையில் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தக் குட்டி விசைப்பலகையில் தட்டும் வேலை குறையும்.