கேள்வி பதில்: 13 பைட் எப்படி 24 ஆனது?

கேள்வி: சி மொழியில் மாணவர் விவரத்துக்கு ஒரு ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்பு) எழுதியிருக்கிறேன். முதலில் பிரிவைக் குறிக்க ஒரு கேரக்டர், அடுத்து சராசரிக்கு டபுள் (தசம எண்), கடைசியில் பதிவு எண்ணுக்கு இன்ட் (முழு எண்). 1 + 8 + 4 = 13 பைட்தானே? அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் 24 என்கிறது. இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கச் சொல்லும் பிராக்மா பேக் போட்டுவிடலாமா?

பதில்: 64-பிட் கணினிகளில் டபுள் 8-ஆல் வகுபடும் இடத்தில்தான் தொடங்க வேண்டும், இன்ட் 4-ஆல் வகுபடும் இடத்தில். அதனால் கேரக்டரை 0-வது பைட்டில் வைத்த கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), 1 முதல் 7 வரை காலியாக விட்டுவிட்டு 8-ல் டபுளையும் 16-ல் இன்ட்டையும் வைக்கிறது. 20 பைட்டில் முடிந்துவிட்டதே என்றால், இதையே அர்ரேயாக, அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, அடுக்கும்போது இரண்டாவது மாணவரின் டபுளும் 8-ன் மடங்கில் விழ வேண்டும். அதற்காக வாலில் இன்னும் 4 பைட். இந்தக் காலியிடம்தான் பேடிங்.

டபுள், இன்ட், கேரக்டர் என்று பெரியதிலிருந்து சிறியதாக எழுதிப் பாருங்கள், 16 வரும். ஒரு லட்சம் மாணவர்களுக்கு 8 லட்சம் பைட் மிச்சம். சி கம்பைலர் தானாக வரிசையை மாற்றாது, மாற்ற விதியும் இடம் தராது. ரஸ்ட் மொழி மாற்றிக்கொள்ளும். எந்த உறுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை ஆஃப்செட்ஆஃப் மூலம் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பேக் வேண்டாம். 13 கிடைக்கும்தான், ஆனால் டபுள் ஒற்றைப்படை முகவரியில் போய் உட்காரும். அதன் முகவரியைப் பாயின்டரில் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியில்) எடுத்துப் பயன்படுத்தினால் சில ஆர்ம் சிப்களில் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: இரண்டு ஸ்ட்ரக்டிலும் எல்லா மதிப்பும் ஒன்றுதான். பைட் பைட்டாக ஒப்பிடும் மெம்கம்ப் மட்டும் வேறு வேறு என்கிறது. ஏன்?

பதில்: மெம்கம்ப் பேடிங்கில் கிடக்கும் குப்பையையும் சேர்த்து ஒப்பிடுகிறது. முன்கூட்டியே மெம்செட்டால் பூஜ்யமாக்கினாலும் உறுதியில்லை. உறுப்பில் மதிப்பு எழுதும்போது பேடிங் மாறலாம். உறுப்பு உறுப்பாகவே ஒப்பிடுங்கள்.

கேள்வி: பெயரைக் கேரக்டர் பாயின்டராக வைத்து, ஸ்ட்ரக்டை எஃப்ரைட் மூலம் கோப்பில் சேமித்தேன். மறுநாள் படித்தால் நிரல் விழுகிறது.

பதில்: கோப்பில் பெயர் போகவில்லை, நேற்றைய நினைவக முகவரிதான் போயிருக்கிறது. ஸ்ட்ரக்டுக்குள்ளேயே கேரக்டர் அர்ரே வையுங்கள். அளவில் தாராளம் வேண்டும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ‘த’, ‘ம’ போன்ற அகரமேறிய தமிழ் எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும் 3 பைட். ‘முத்துலட்சுமி’ 39 பைட், பெயரின் முடிவைக் குறிக்கும் இறுதிப் பூஜ்யத்தோடு 40. அர்ரே 40 என்றால் இனிஷியலுக்குக்கூட இடமிராது. 128 வையுங்கள்.